எனக்கு விழுந்த சீட்டு

ஜனவரி 11, ஞாயிறு

இல்லை, அதைப் பொறாமை என்று சொல்ல மாட்டேன். சீட்டைத் திரும்பப் பைக்குள் போடப் பார்த்தேன். அவ்வளவுதான்.

வருடத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் சபையில் இளம்பெண்கள் ஐக்கியத்தின் சீட்டு நாள். அவரவர் தேவையை ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது. எல்லாவற்றையும் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கையில் விழுந்த தேவைக்காக ஈஸ்டர் வரை தினமும் ஜெபம். யாருடையது என்று ஆராயக் கூடாது.

எனக்கு விழுந்தது: 'தமிழ்த்துறையில் இருக்கும் அந்த ஓர் இடம் எனக்குக் கிடைக்க வேண்டும்.'

கரோலின் கையெழுத்து. நான்கு வருடமாகக் கல்லூரியில் பக்கத்து மேசை, எனக்குத் தெரியாதா? புள்ளிகளைக் குட்டி வட்டமாகப் போடுவாள். இருவரும் கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தர இடம் ஒன்றுதான். நான் பையில் போட்ட சீட்டிலும் கிட்டத்தட்ட அதே வாக்கியம், கொஞ்சம் பணிவாக.

இத்தனை பேர் இருக்க, இது என் கையிலா வர வேண்டும்?

ஜனவரி 12

ஜெபிக்கவில்லை.

ஜனவரி 19

'உமது சித்தம்' என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டேன். எவ்வளவு வசதியான சொல். அவள் பெயரைச் சொல்லாமலே முடித்துவிடலாம்.

பிப்ரவரி 3

இன்று அவளுக்காக முழு மனதோடு ஜெபித்தேன். நல்ல வரன் அமைய வேண்டும் என்று. மாப்பிள்ளை கனடாவில் இருக்க வேண்டும் என்று. விசா சீக்கிரம் வர வேண்டும் என்று.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

அங்கன்வாடியிலிருந்து வந்ததும் அம்மா கேட்டாள்: "லெந்து நாப்பது நாளும் எதை உடப் போறே கண்ணு?"

"டீ."

"கரோலினுப் புள்ள கறியும் உட்டுட்டு, போனையும் உட்டுட்டாளாமா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் ஆன் பண்றாளாம். ம்... நீ டீ."

உபவாசத்தில்கூட அவள்தான் முதல் வகுப்பு.

மார்ச் 2

நடுவில் ஒரு சுவர். அவள் வகுப்பில் சிரிப்புச் சத்தம். என் வகுப்பில் மின்விசிறிச் சத்தம்.

மார்ச் 16, திங்கள்

கரோலின் சனிக்கிழமையிலிருந்து விடுப்பு. அக்காவுக்குப் பிரசவம், வெள்ளகோவிலில். பதினொரு மணிக்கு துறைத்தலைவர் ராமாமணி மேடம் என் மேசைக்கே வந்தார்.

"ஏனுங்க ஜெனிதா, நேர்காணலை முன்னாடி கொண்டுவந்துட்டாங்க. இருவத்தேழு இல்லீங்க, இந்த வெள்ளிக்கெழமையே. கரோலினுக்கு அடிச்சு அடிச்சுப் பாக்கறேன், சுவிட்ச் ஆஃப்னே வருது. மெயில் போட்டிருக்குது, அந்தப் புள்ள பாக்கோணுமே. நீங்க ரெண்டு பேரும் ஒரே சபைதானுங்களே, சொல்லிப்போடுங்க."

"சொல்லிப்போடறேனுங்க மேடம்."

ஆறு மணி ஆனது. ஏழு ஆனது. சொல்லவில்லை.

என் வாதம் இது: அந்த இடம் அவளுக்கு என்பது கர்த்தருடைய சித்தமானால், வெள்ளகோவிலுக்கு அவருக்கு வழி தெரியாதா? என் போன் எதற்கு? நான் குறுக்கே போகாமல் இருந்தால் போதும். எதிர்காலத்தை அவர் கையில் விட்டுவிடுவது என்பது இதுதானே.

எழுதிவிட்டுப் படித்தேன். நாறுகிறது.

மார்ச் 17

ஆறரைக்கு அவளே கூப்பிட்டாள்.

"ஜெனி! அக்காவுக்குப் பையன். மூணே கால் கிலோ. என்ற மூஞ்சியேதானாம்."

"ஐயோ பாவம்."

"ஏய்! நேர்ல வந்து உன்னையக் கவனிச்சுக்கறேன். ஏம்புள்ள, இருவத்தேழாந்தேதிக்கு என்ன சேலை கட்டறது? நீ சொன்னாத்தான் எனக்கு ராசி."

"அந்த நீலம்."

"சரி. எனக்காக ஜெபம் பண்றயா?"

"ம்."

தேதி தெரிந்துகொண்டே சேலைக்கு நிறம் சொல்லியிருக்கிறேன். அந்த 'ம்' வேறு. எவ்வளவு சுலபமாக வந்தது —

எனக்கு வேணும். எனக்குத்தான் வேணும். அவளுக்கு அப்பா இருக்காரு, சொந்த ஊடு இருக்குது, சிரிச்சா புள்ளைங்க கூடச் சிரிக்குது. அவளுக்கு எதுக்கு இதுவும்? எல்லாத்தையும் அவளுக்கே குடுத்துட்டு என்னைய ஜெபம் பண்ணச் சொன்னா எப்படி? நான் எப்ப இப்படி ஆனேன்?

மார்ச் 18, புதன்

காலையில் அவள் போன் அணைந்திருந்தது. ஆறு மணி வரை காத்திருந்தால் என் மனம் மாறிவிடும் என்று எனக்கே தெரியும். கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏய், கொழந்தையப் பாக்க இத்தனை தூரமா வந்தே?"

"இன்டர்வியூ நாளன்னைக்கு. வெள்ளிக்கெழமை. மாத்திட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"திங்கக்கெழமை."

குழாயை மூடினாள். "நேத்து நான் பேசினப்ப..."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சேலை சொன்னியா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்பறம் இப்ப எதுக்கு வந்தே?"

ஃபிளாஸ்க் மூடியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பஸ் இருக்குது பாரு, போ," என்றாள். குழந்தையைக் காட்டவில்லை.

நல்லது செய்தால் ஒரு நிம்மதி வரும் என்பார்கள். காங்கேயம் தாண்டியும் வரவில்லை. அவள் வராமல் போனால் எப்படி இருக்கும் என்று பல்லடம் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

வந்திருந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். நீலச் சேலை.

"நீ சொன்னதுதான். ராசியா இல்லையான்னு பாத்தரலாம்," என்றாள். சிரிக்கவில்லை.

உள்ளே நான் நன்றாகத்தான் பேசினேன். அவளுக்கு எனக்கானதை விடப் பத்து நிமிடம் அதிகம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 1

அவளுக்கு.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

சீட்டுகளைத் திரும்பப் பையில் போட்டோம். ஆயரம்மா கேட்டார்: "பதில் கிடைச்சவங்க கை தூக்குங்க." மூன்று கைகள். ஒன்று கரோலினுடையது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா: "உன்ற சீட்டு எவ கையில உழுந்துச்சோ. ஒழுங்கா ஜெபம் பண்ணியிருக்க மாட்டா. இந்தக் காலத்துப் புள்ளைக எங்க பண்றாளுக?"

"அப்படித்தான் இருக்கும்மா."

ஏப்ரல் 12, ஞாயிறு

கரோலின் சபையில் சாட்சி சொன்னாள். "நேர்காணல் தேதி மாறினது எனக்குத் தெரியாது. கர்த்தர் ஒரு தோழியை வெள்ளகோவில் வரைக்கும் அனுப்பிச் சரியான நேரத்தில் சொன்னார்." அந்த இடத்தில் என்னைப் பார்த்தாள்.

மன்னிப்பா? ஊசியா? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தபடி இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சரியான நேரமாம். இரண்டு நாள் தாமதம், என் கணக்கில். எல்லோரும் 'ஆமென்' என்றார்கள். என் வாயும் அசைந்தது.

மத்தியானம் அறையைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். 'நீர்', 'உம்மை' எதுவும் வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது. "ஜூனுக்கு மேல எனக்கு என்னன்னு தெரியலீங்க. இந்த வேலையும் இருக்காது. அவளைப் பாத்தா இன்னும் எரியுதுங்க, பொய் சொல்ல மாட்டேன். பயமா இருக்குதுங்க. நீங்களே பாத்துக்குங்க."

பதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஜனவரியிலிருந்து நான் சொன்னவற்றில் யாரையும் கனடாவுக்கு அனுப்பாத ஜெபம் இதுதான்.

ஏப்ரல் 20, திங்கள்

ஒரு மாதத்துக்குப் பிறகு என் மேசைப் பக்கம் வந்தாள்.

"ஜெனி, இக்கால இலக்கியம் பேப்பரை ஜூன்லருந்து என்றகிட்டக் குடுத்துட்டாங்க. உன்ற நோட்ஸ் குடுப்பயா?"

என் பேப்பர். நான்கு வருடம்.

"எனக்கு அது நடத்த வராதுன்னு உனக்கே தெரியும்," என்றாள். குரலில் குத்தல் இல்லை. பயம்தான் இருந்தது. அவளுக்கும் ஜூனை நினைத்துப் பயம் இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"நாளைக்குத் தர்றேன்," என்றேன்.

ஏப்ரல் 21

காலையில் கோப்பைப் பிரித்தேன். ஐந்து அலகுகள். மூன்றாவதுதான் நன்றாக வந்தது. அதை எழுத ஒரு வருடம் பிடித்தது. அதை மட்டும் உருவி அலமாரியில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டேன்.

திரும்பி வந்து மூன்றாவதையும் எடுத்துக்கொண்டேன். முதல் வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது. ஐந்தையும் அவள் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.