குந்திரிக்க வாசனை வந்தால்

நாள் 611, காலை 8.10

செவ்வாய், வடசமவெளி நிலையம். எழுதுவது ஜெசிந்தா, வேதியியல். இங்கே இருப்பது இரண்டே பேர்: நானும் பொறியாளர் சுடலைமுத்துவும். எங்களை மாற்ற வேண்டிய குழு இன்னும் சில நாளில் பூமியிலிருந்து கிளம்புகிறது.

காற்று வடிகட்டிகளில் மறுபடியும் அந்தச் சாம்பல் நிறப் பூஞ்சை. போன வாரம்தான் முதுகு ஒடியத் தேய்த்துக் கழுவினோம். சுடலைக்கு இருமல் வேறு பிடித்திருக்கிறது.

பசுமைக்கூடத்தில் நான்கு குந்திரிக்க மரங்கள் இருக்கின்றன. பட்டையைக் கீறினால் பால் வடிந்து பிசினாக இறுகும், சாம்பிராணி மாதிரிப் புகை போடுகிற பிசின். அதிலிருந்து எண்ணெய் இறக்கிப் பூஞ்சையை ஒழிப்பதுதான் திட்டம். எண்ணெயில் இருக்கும் பைனீனும் லிமொனீனும் பூஞ்சை உயிரணுவின் சவ்வைக் குலைத்துவிடும். பூமியில் நானே பலமுறை செய்து பார்த்தது.

நாள் 613, மதியம் 1.25

எண்ணெய் இறக்கும் வடிகலத்தின் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. மாற்றுக் கலம் அனுப்பச் சொல்லி ஒரு வருடமாகக் கத்துகிறேன், கேட்க ஆளில்லை. சமையலறைக் குக்கரில் விசிலைக் கழற்றிவிட்டுக் குழாயைச் சொருகினேன். எண்ணெய் இறங்கிவிட்டது. இனி இங்கே பொங்குகிற சோறெல்லாம் குந்திரிக்கம்தான் மணக்கும்.

வெந்நீரில் சில சொட்டு விட்டுச் சுடலையைத் துண்டு போர்த்தி ஆவி பிடிக்க வைத்தேன். உடனே இருமல் அடங்கியது. "நல்ல பலன்" என்று பூமிக்கு அறிக்கை அனுப்பினேன்.

நாள் 617, காலை 9.40

ஆவி பிடித்தால் அடங்குகிறது. விட்டால் முன்னைவிட மோசமாக வருகிறது. வடிகட்டிகளில் எண்ணெய் பூசிய இடத்தில்தான் பூஞ்சை அடை அடையாக நிற்கிறது. என்ன கண்றாவி இது?

இதைச் சொன்னதற்குப் பூமியிலிருந்து பதில், கட்டுப்பாட்டு அதிகாரி வாசுதேவன்:

"ஜெசிந்தா, அளவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. இங்க லேப்ல நல்லாத்தானே வேலை செய்யுது."

லேபில் செய்யும், சார். இருமுகிறவன் இங்கே அல்லவா இருக்கிறான்? வேறு வழி தெரியாமல் அளவைக் கூட்டினேன்.

நாள் 620, மாலை 4.15

இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இரண்டு தட்டுகளில் பூஞ்சை வளர்த்து, நடுவில் எண்ணெய் நனைத்த காகித வில்லை வைத்தேன். ஒன்றில், நாங்கள் வந்த புதிதில் உறைபெட்டியில் போட்டுவைத்த பழைய பூஞ்சை. மற்றதில் இன்றைய பூஞ்சை.

பழையது செத்தது, வில்லையைச் சுற்றிச் சுத்தமான வட்டம். இன்றையது வில்லை மேலேயே ஏறி மூடிவிட்டது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இதே கதை. எண்ணெய் முழுக்கத் தீர்ந்த பிறகும் தட்டில் குந்திரிக்க மணம் அடிக்கிறது. பூஞ்சையே அதை விடுகிறது.

நாள் 621, காலை 10.05

காரணம் தெரிந்துவிட்டது. எரிச்சலில் எதையாவது போட்டு உடைக்கலாம் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆனால் சுடலை சூட்டுத்தட்டில் ஒரு சிட்டிகை குந்திரிக்கம் போடுவான். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடித்து நான் போடுவேன். வீட்டில் போடுகிற மாதிரி இருக்கும், மனசுக்கு நல்லது என்று பூமியும் அனுமதித்தது. அந்தப் புகையெல்லாம் போய்ச் சேர்ந்தது வடிகட்டிகளில். பூஞ்சையைக் கொல்ல அது போதாது, பழக்கிவிடப் போதும். தப்பிப் பிழைத்தது புகையைத் தாங்கப் பழகி, பிறகு அதையே தின்னப் பழகியிருக்கிறது. வாரம் இரண்டு வேளை சோறு போட்டு வளர்த்திருக்கிறோம்.

சுடலையின் நெஞ்சில் இருப்பதும் இதே பூஞ்சைதான்; ஆவி என்ற பெயரில் அதற்கும் நானே ஊட்டினேன். நான்கு மரங்களையும் வெட்டி, பிசின், எண்ணெய், குக்கர் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டேன்.

நாள் 622, மதியம் 12.30

சுடலையால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. காலையிலிருந்து ஒரே பேச்சுத்தான்.

"யக்கா, அந்த ஆவிய ஒரே ஒரு வாட்டி போடுதியளா? அது வந்தாத்தான் நெஞ்சு லேசாவுது."

இல்லை என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

கடைசியாக அவன் கேட்டதை நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் செத்திருப்பான். இரண்டில் எதை நினைத்தாலும் அழுகைதான் வருகிறது.

நாள் 623, காலை 7.50

பூமியிலிருந்து வாசுதேவன்:

"உங்க அறிக்கை பார்த்தோம். நல்ல பலன்னு சொல்லியிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம். கப்பல் கிளம்பிடுச்சு, அதுல அந்த எண்ணெய் நிறைய வருது. இறங்கினதும் நிலையம் முழுக்கத் தெளிக்கச் சொல்லிட்டோம்."

பத்து நாளைக்கு முந்தைய அறிக்கை! அளவைக் கூட்டியதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார், தட்டுச் சோதனை பற்றி நான் அனுப்பியது போய்ச் சேரவே இல்லை. பதில் அனுப்ப ஓடினேன். செய்தி அனுப்பும் அலைபரப்பியின் குளிர்விசிறியைப் பூஞ்சை அடைத்து, உள்ளே எல்லாம் கருகிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவன் சுடலை ஒருவன்தான்.

நாள் 624

அவசர அறையில் பூட்டிக்கொண்டேன். இதற்குக் காற்று தனி. குந்திரிக்கத்தில் ஒரு துணுக்குக்கூட இங்கே இல்லை. முகத்தில் மாட்டிய மூச்சுக்கவசத்தையும் கழற்றவில்லை.

ஆனால் மணக்கிறது.

எங்கே என்று மூலை மூலையாகத் தேடினேன். மூச்சை அடக்கினால் மணம் குறைகிறது. விட்டால் கவசத்துக்குள் நிறைகிறது.

இருமல் இல்லை. பசிக்கிற மாதிரி ஏதோ, வயிற்றில் இல்லை, நெஞ்சில்.

இதை நிலையத்தின் வெளிக்கதவில் ஒட்டப் போகிறேன். வருகிறவர்களே, எண்ணெயைத் திறக்காதீர்கள். கதவைத் திறந்ததும் நம் வீட்டு வாசனை வந்தால், நின்று மூச்சை இழுக்காதீர்கள், அப்படியே மூடிவிட்டுத் திரு