சக்கரம் கட்டிய ஞாயிறு

சிகாகோ
4 ஜனவரி 1926

அன்பு நண்பன் அல்சீடுக்கு,

யுலீஸ் எழுதுகிறேன். நலம். நீயும் ஒடீலும் பிள்ளைகளும் சுகமா? இந்த ஊர்ப் பனி ஆளைத் தின்கிறது. ஒடீல் வைக்கும் நண்டு கம்போக் குழம்பை நினைத்தாலே நாக்கு ஊறுகிறது.

அந்த ஞாயிறு நினைவிருக்கிறதா? நடனத்துக்கு ஆள் சேர்க்க வாசித்துக்கொண்டே போன நம் பேண்டு வண்டிகள் இரண்டும் தெருமுனையில் எதிரெதிரே வந்தன. ஒருவரும் நழுவக் கூடாதென்று ஜனங்கள் சக்கரத்தோடு சக்கரத்தைக் கட்டினார்களே! ஒரு மணி நேரம் உன் கார்னெட் குழலும் என் கார்னெட் குழலும் மல்லுக்கட்டின. திடீரென்று நீ கார்னெட்டை உதட்டிலிருந்து இறக்கிவிட்டாய். ஜெயிப்பவனை அழைத்துப்போக வந்திருந்த சிகாகோக்காரர் என்னைக் கூட்டிவந்தார். பதினோரு வருடம், ஆறு இசைத்தட்டு.

போன வாரம் நம் ஊரில் டிராம்போன் ஊதும் பப்தீஸ்த் வந்திருந்தான். "அல்சீடு உனக்கு விட்டுக்கொடுத்தான்டா, ஊருக்கே தெரியும்" என்றான். அதிலிருந்து கார்னெட்டைத் தொடவே மனம் வரவில்லை. உண்மையைச் சொல். பிச்சையாக வந்த பிழைப்பு எனக்கு வேண்டாம்.

உன் யுலீஸ்

நியூ ஆர்லியன்ஸ்
12 ஜனவரி

அடே யுலீஸ்,

ஆயுசில் ஒரு தடவைகூடத் தாளத்தில் நிற்காத பப்தீஸ்த் பேச்சையா நம்புகிறாய்? அன்று எனக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நீ ஜெயித்தாய், அவ்வளவுதான். எனக்கென்ன குறை? பகலில் சுருட்டு சுற்றுகிறேன். சாவு ஊர்வலம் வந்தால் சங்கத்துப் பேண்டில் ஊதுகிறேன். கார்னிவல் திருவிழாவுக்கு வா, வயிறாரக் கம்போ சாப்பிடலாம்.

அல்சீடு

சிகாகோ
20 ஜனவரி

அல்சீடு,

கிழிந்த உதட்டோடு அன்று மாலை ஏரிக்கரை நடனத்தில் மூன்று மணி நேரம் எப்படி ஊதினாய்? கூட்டத்தில் நானும் நின்றேனே. ஜெயித்த மயக்கத்தில் அன்று எனக்கு உறைக்கவில்லை. மாதக் கடைசியோடு ஊதுவதை நிறுத்துகிறேன் என்று இங்கே சொல்லிவிட்டேன்.

யுலீஸ்

நியூ ஆர்லியன்ஸ்
25 ஜனவரி

யுலீஸ்,

சரி, கேள். விட்டுத்தான் கொடுத்தேன். உனக்காக அல்ல. வண்டியோரத்தில் ஒடீல் நிறைமாதமாக நின்றாள். "நீ ஜெயிச்சா என்னை விட்டுட்டுப் போயிடுவே" என்று அழுதாள். இறக்கிவிட்டேன். எதிரே எவன் இருந்திருந்தாலும் இறக்கியிருப்பேன்.

அவளிடம் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் சவரக்கடையில் உன் இசைத்தட்டைப் போட்டால் பாதிச் சவரத்தோடு எழுந்து வெளியே போய்விடுகிறேன். பொறாமைதான், வேறென்ன. வயிறு எரிகிறது. அதனால் கார்னிவலுக்கு வராதே. கொஞ்ச காலம் எழுதவும் வேண்டாம்.

ஆனால் ஊது. நீயும் இறக்கிவிட்டால் அந்த ஞாயிறு நாம் இரண்டு பேருமே தோற்றதாகிவிடும்.

அல்சீடு