அறிக்கையில் விட்டுப்போன சுனை

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். காவலூரில் ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டப் போன நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் பேசினால் ‘தாரணி மேடம் சொன்னாங்க’ என்பதைத் தவிர உங்களுக்கு வேறு பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

புது நெடுஞ்சாலைக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நேற்று சந்தவாசலில் நடந்தது. சாலை வந்தால் மலைக்கு என்னவெல்லாம் ஆகும் என்று உங்கள் மேடம் அறிக்கை வாசித்தாள். மயில் இருந்தது, மரம் இருந்தது. நம் சுனை இல்லை. சாலையோ நேராக அதன்மேல்தான் போகிறது. எழுந்துவிட்டேன்.

“இன்னா மேடம், எங்க வூட்டுக்காரரோட மலை பூரா சுத்துனீங்களே, சித்திரையிலகூட வத்தாத சுனை கண்ணுல படலியா?”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“அந்தப் பக்கம் வழியே இல்லன்னு அவர் சொன்னாருங்க. நாங்களும் போய்ப் பாத்திருக்கணும். தப்புதான்” என்றாள். மறுபடி ஆய்வு செய்யச் சொல்லி அதிகாரி உத்தரவிட்டார்.

வழியே இல்லையா? கல்யாணமான புதிதில் கையைப் பிடித்து என்னை இறக்கிக் கூட்டிப்போனீர்களே, அது என்ன வழி? அங்கே மட்டும் அவளைக் கூட்டிப்போகவில்லை என்று தெரிந்ததும் என் கோபம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி இருக்கிறது. மறு ஆய்வுக்காக அவள் இன்னும் ஒரு மாதம் இந்த மலையில்தான் இருப்பாளாம். “இனிமே நானே வழி காட்டுறேன் மேடம், அவரு வேணாம்” என்று சொல்லிவிட்டேன்.

கடிதம் கிடைத்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுங்கள். ஆடுகளை நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி