மகன் முறை

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அப்பா பாசத்தில் சொல்கிறார். இவன் என் பெரியப்பாவின் மகன்." ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியது. இந்த நாட்டு மொழி எனக்கு அப்போதே தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் சொல்லவில்லை.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. அப்பா இன்னும் அதே சலவைக்கூடத்தில்தான். விரிப்புகளை மடித்து மடித்து விரல் நுனியில் ரேகையே தேய்ந்துவிட்டது. நான் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறேன். அதற்காக நம் குடும்பத்தின் பழைய கோப்புக்கு நகல் கேட்டிருந்தேன். நேற்று மதியம் தபாலில் வந்தது. மாடிப்படியில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். படித்து முடித்தபோது எந்த மாடியில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பியதற்கு அதில் ஒரே ஒரு காரணம்தான் எழுதியிருக்கிறது. உனக்காகப் போட்ட மனுவில் 'அண்ணன் மகன்', நேரில் 'சொந்த மகன்'. இரண்டில் ஒன்று பொய். ஆகவே இவர்கள் சொல்வது எதையும் நம்புவதற்கில்லை. கீழே ஒரு கட்டத்துக்குள், மொழிபெயர்த்தவர்: மகள், வயது பதினொன்று.

குடியேற்ற அலுவலகத்தின் அந்த அறை உனக்கு நினைவிருக்கும். மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல், மறுபடி வர இரண்டு மாதமாகும் என்றார்கள். அப்பா அரை நாள் விடுப்பில் வந்திருந்தார். என் மகளே சொல்வாள் என்று ஒப்புக்கொண்டார். வெளியே பெஞ்சில் நீ என் காதோரம் குனிந்து, "வாலு, இன்னிக்கு நீதான் எங்க வக்கீலம்மா. சொதப்பினே, பீஸ் கிடையாது" என்றாய். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

அதிகாரி கேட்டதை அப்படியே சொன்னேன்: "அப்பா, அண்ணன் உங்க பையனான்னு கேக்கறாங்க." அப்பா உன் தோளில் கையைப் போட்டு, "பின்னே? இவன் என் பையன்தான்னு சொல்லும்மா" என்றார். சொன்னேன். அதிகாரி நிமிர்ந்து, சொந்த மகனா என்று என்னிடமே திரும்பக் கேட்டார்.

எனக்குத் தெரியும், அண்ணா. வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. பெரியப்பா தவறிப்போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. உன் தோளில் கிடந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, நீ அவருடைய மகன் இல்லை என்று உன் முன்னால் எப்படிச் சொல்வது? அவர்கள் மொழியில் சொன்னால் உனக்குப் புரியாது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்பாவைத் திரும்பக் கேட்காமலே ஆமாம் என்றேன்.

'மகன் முறை' என்கிறோமே, அந்த 'முறை'க்கு இங்கே சொல் கிடையாது. நேற்று முழுவதும் அகராதிகளைப் புரட்டினேன். சொல் இல்லாதது என் தவறு இல்லை. ஆமாம் என்றது நான்.

பெரியம்மா அன்று போனில், "சோறு போட வலிச்சா நேரா சொல்லியிருக்கலாமே தம்பி, புள்ளைய வேண்டாம்னு எழுதிக் குடுத்தா அனுப்பணும்?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு பதினோரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா என்ன பதில் சொல்வார்? அவருக்கே காரணம் தெரியாது. அவர் உன்னைத் தன் பிள்ளை என்று சொன்னார். அதை எழுதிவைத்துக்கொண்டுதான் உன்னை அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து அவர் எதிரே உட்கார்ந்து இரண்டு வேளை சாப்பிட்டிருக்கிறேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

உன் படிப்பு நின்றதற்கும், அதன் பிறகு நீ பட்டதற்கும் நான் மன்னிப்புக் கேட்டால் அது சின்னதாக இருக்கும். என்னைத் திட்டு, எழுதாமலும் இரு. ஆனால் இதைப் பெரியம்மாவுக்கு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டு. கோப்பின் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பெரியம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், அண்ணா.

இப்படிக்கு,
உன் தங்கை

(இந்தக் கடிதத்துக்கு நான் வைத்துக்கொண்ட நகலின் அடியில் பின்னர் எழுதியது)

அண்ணன் பதில் போடவில்லை. பதினெட்டாம் நாள் காலை பெரியம்மா அப்பாவைப் போனில் அழைத்தார். அப்பா நின்றுகொண்டே பேசினார். அன்று அரை மணி தாமதமாக வேலைக்குப் போனார்.