துப்பாண்டி கையிலிருந்து பிடுங்கிய பந்து

ஏனுங்க சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? முழங்கால் வலி தேவலையா? சாய்ந்து உட்கார அங்கே நல்ல நாற்காலி கிடைத்ததா, இல்லை உங்களுக்கு முன்னால் போன எவனாவது பிடித்துவைத்திருக்கிறானா? இங்கே உங்கள் மகள், என் மகன், நான் எல்லோரும் சுகம். இந்த அமெரிக்க ஊர் சுகர் லேண்டின் வெயில் வழக்கம்போல ஆளை வேகவைக்கிறது.

இன்று மத்தியானம் அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தது. எனக்குக் கண்தான் மங்கல், மூக்கு சுத்தம். அது கடலை எண்ணெய் வாசனை இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்புப் பக்கத்தில் நிற்கிறது, சூரியகாந்தி எண்ணெய்! இந்த வீட்டுக்குள் நுழையவே கூடாது என்று நீங்கள் தடுத்து வைத்த அதே எண்ணெய்.

"என்ன மஞ்சு இது?"

"எண்ணெய் மாமா."

"எண்ணெய்னு எனக்கும் தெரியுது சாமி. இது எப்படி இந்த வூட்டுக்குள்ள வந்துச்சு?"

"கடலை எண்ணெய் கடைல இல்ல மாமா. அதுவுமில்லாம, அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே? போன வாரம் ஸ்டேடியத்துல அவ்ளோ பெரிய சீன் போட்டுட்டு வந்தீங்க. இன்னுமா அந்த ஆள் மேல கோவம்?"

முடிந்ததா, முடியவில்லையா? அதை உங்கள் மகள் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. பகை உங்களுடையது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஸ்டேடியத்துக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பெண்ணைக் கொடுத்தவர் நீங்கள், பையனைப் பெற்றவன் நான். முறைப்படி நான் முறுக்கிக்கொள்ள வேண்டும், நீங்கள் பணிந்து போக வேண்டும். ஆனால் இரண்டு பேருக்கும் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே டி.வி. முன்னால். சாய்வு நாற்காலியோ ஒன்றுதான். காலையில் யார் முதலில் எழுகிறாரோ அவருக்கு அது என்று ஆனதும், கோழிக்கு முன்னாலேயே நாம் எழ ஆரம்பித்தோம். கோழியே இல்லாத ஊரில்! ஒருவரோடு ஒருவர் பேசாமல் "தண்ணி வேணுமான்னு கேளு மஞ்சு", "வேண்டாம்னு சொல்லு மஞ்சு" என்று அந்தப் பெண்ணைத் தூது விட்ட காலம் அது. வேலைக்கும் போய்க்கொண்டு நமக்கும் தபால்காரியாக இருந்தாள், பாவம்.

அப்போதுதான் யாரோ நிறுத்தாமல் விட்டுப்போன பேஸ்பால் டி.வி.யில் ஓடியது. இங்கிலீஷ் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் ஒருத்தன் எறிகிறான், ஒருத்தன் அடிக்கிறான். இதற்கு என்ன பாஷை? ஓடுகிறவன் அவுட்டா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்த நான் என்னையறியாமல் "அவுட்டு!" என்றேன். நீங்கள் டி.வி.யைப் பார்த்தபடியே, "இல்லீங்க சம்பந்தி, கால் முன்னாடியே பட்டுப்போச்சுங்க" என்றீர்கள். நாம் பேசிய முதல் பேச்சு சண்டைதான். அப்புறம் நிறுத்தவே இல்லை.

பெயர் படிக்கத் தெரியாததால் எல்லோருக்கும் நாமே பெயர் வைத்தோம். பந்து எறிகிற உயரமானவன் நெட்டையன். ஆட்டம் முழுக்கக் குத்தவைத்தே பந்து பிடிக்கிறவனை, "அவம் பொண்டாட்டி தெனமும் காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடோணும்" என்று வருத்தப்படுவீர்கள். களத்தில் நிற்காமல், அடிக்க மட்டும் எழுந்து வருகிறவனைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது. "கல்யாணத்துக்கு வாழைமரம் கட்ட வரமாட்டான், பந்திக்கு மட்டும் மொத ஆளா வந்து குந்திக்குவான். எஞ் சின்ன மச்சினனாட்டவே இருக்கறானுங்க" என்பீர்கள். உங்கள் சின்ன மச்சினன் கதையை இப்போது எடுத்தால் பொழுது போய்விடும், விட்டுவிடுகிறேன்.

நம் டீமின் மேனேஜருக்குப் பெயர் துப்பாண்டி. வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. கடிப்பான், துப்புவான், கடிப்பான், துப்புவான். ஆட்டக்காரர்கள் உட்காருகிற குழியிலிருந்து அவன் ஏறி வெளியே நடந்து வந்தாலே யார் வேலைக்கோ ஆபத்து என்று அர்த்தம். எறிகிறவன் நிற்கிற நடு மேட்டுக்குப் போவான், அவன் முதுகைத் தட்டுவான், கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டு இன்னொருத்தனைக் கூப்பிடுவான். ஒருமுறை வெளியே போனவன் அந்த ஆட்டத்தில் திரும்பி வரவே முடியாது. "அடி வாங்கறவனை எடு, வேண்டாங்கல. நல்லாப் போடறவனை எதுக்குடா எடுக்கறே?" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்துவீர்கள். இத்தனை பந்து எறிந்தால் தோள் களைத்துவிடும் என்று கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று என் மகன் விளக்கினான். "தோள் யாருதுங்க மாப்ளே, கம்ப்யூட்டருதுங்களா?" என்று நீங்கள் கேட்டதும், அவன் போனைப் பார்த்துக்கொண்டே அறைக்குள் போய்விட்டான்.

உங்களுக்கு அது ஏன் அவ்வளவு எரிந்தது என்று எனக்குத் தெரியும். கோயில் அன்னதானத்தில் நானும் பக்கத்தில்தான் நின்றேன். விடியலில் இருந்து நீங்கள் ஒற்றை ஆளாகக் கிளறிய பொங்கல். வரிசை பாதிகூட நகரவில்லை. குழந்தைகளுக்குக் காரம் என்று யாரோ ஒரு அம்மா சொன்னாளாம். கமிட்டித் தலைவர் வந்தார், உங்கள் முதுகைத் தட்டினார், "நீங்க ரெஸ்ட் எடுங்க அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே கையிலிருந்த கரண்டியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். விரித்த உங்கள் வெறுங்கையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகு கோயில் சமையலறைப் பக்கம் போகவே இல்லை. காரில் திரும்பும்போது ஒன்று மட்டும் சொன்னீர்கள்: "வையறவனை மன்னிச்சரலாமுங்க. தட்டிக் குடுத்துக்கிட்டே புடுங்கறானே, அவனை மன்னிக்கவே கூடாதுங்க சம்பந்தி."

அப்புறம் அந்த ஆட்டம். தோற்றால் அந்த வருசம் அத்தோடு முடிந்தது. நெட்டையன் அன்று சாமி வந்தவன் மாதிரி எறிந்தான். ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வரை ஒருத்தனாலும் ஒழுங்காகத் தொட முடியவில்லை. நாம் சாப்பிடக்கூட எழவில்லை. துப்பாண்டி குழியிலிருந்து ஏறினான்.

"வேண்டான்டா, வேண்டான்டா," என்று நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டீர்கள். அவன் கேட்டானா? முதுகைத் தட்டினான். பந்தைப் பிடுங்கினான். நெட்டையன் தன் வெறுங்கையைப் பார்த்தபடி நடந்து போனான். புதிதாக வந்தவன் எறிந்த முதல் பந்தையே எதிராளி கூட்டத்துக்குள் அடித்துவிட்டான். முடிந்தது கதை.

நீங்கள் நேராகச் சமையலறைக்குப் போனீர்கள். போய்ப் பார்த்தால், சூரியகாந்தி எண்ணெய் டின்னை சிங்க்கில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"அப்பா! என்ன பண்றீங்க? அடைச்சுக்கும்பா!"

"அவன் திங்கற எதுவும் இந்த வூட்ல இருக்கக் கூடாது கண்ணு."

சிங்க் அடைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்ய வந்த வெள்ளைக்காரனிடம் உங்கள் மகள் என்ன காரணம் சொன்னாளோ தெரியாது. அன்று என் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள்: "அவங் கையில இருந்தும் ஒரு நா இதே மாதிரி ஊரு பாக்கப் புடுங்கோணும். நா இல்லீன்னா நீங்க புடுங்குங்க." சரி என்றேன்.

குளிர் காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். கடைசியாக வந்த டாக்டர் உங்கள் தோளைத் தட்டி "ரெஸ்ட், ரெஸ்ட்" என்றார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். எனக்குப் புரிந்தது.

நீங்கள் போன பிறகு துப்பாண்டியை நம் டீம் வெளியேற்றியது. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன், கேட்டிருக்கும். ஆனால் என்ன பிரயோசனம்? வேறு ஊர் டீம் அவனைத் தூக்கிக்கொண்டது. அதே விதை, அதே துப்பல். அவன் டீம் தோற்கிற அன்றெல்லாம் கேசரி கிண்டச் சொல்லிச் சாப்பிடுகிறேன். சர்க்கரை ஏறிவிட்டது என்று மருத்துவர் திட்டுகிறார். ஏறட்டும்.

போன வாரம் அவன் தன் புது டீமோடு இங்கே ஆட வந்தான். ஆட்டம் தொடங்கும் முன் கம்பியோரம் நின்று கையெழுத்துப் போடுவான் என்று கேள்விப்பட்டு, "எனக்கும் ஒரு கையெழுத்து வாங்கிக் குடும்மா" என்று உங்கள் மகளைக் கெஞ்சினேன். "அப்பாடா, இப்பவாச்சும் மனசு மாறுச்சே" என்று சந்தோசமாகப் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனாள்.

கிட்டத்தில் பார்த்தால் ஆள் நம் வயசுக்குக் கொஞ்சம் இளையவன். மூக்கில் வெயில் சிவந்த தோல். வாயில் விதை. நான் நீட்டிய பந்தை வாங்கினான், சிரித்தான், பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தான். சுற்றிலும் கூட்டம். எல்லோரும் பார்க்கிறார்கள். பாதி எழுதியிருப்பான்.

பிடுங்கினேன் சம்பந்தி.

பிடுங்கிக்கொண்டே இன்னொரு கையால் அவன் தோளைத் தட்டினேன். முதுகு எட்டவில்லை, கம்பி இடித்தது. "நீங்க ரெஸ்ட் எடுங்க அங்கிள்" என்றேன், தமிழில்தான்.

அவன் பேனா அந்தரத்தில் நின்றது. அப்புறம், உங்கள்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், விரித்த தன் வெறுங்கையைப் பார்த்தான். நெட்டையன் பார்த்த மாதிரி. நீங்கள் பார்த்த மாதிரி. பக்கத்தில் ஒருத்தன் கெக்கெக்கே என்று சிரித்தான். உங்கள் மகள் "சாரி, சாரி" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன மாமா இது, மானம் போச்சு!"

"அவன் மானந்தானே போச்சு? நமக்கென்ன?"

கார் ஃப்ரீவேயில் ஏறியதும் திடீரென்று சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா இருந்திருந்தா எந்திரிச்சு நின்னு விசில் அடிச்சிருப்பாரு" என்றாள்.

பந்தை உங்கள் படத்துக்கு முன்னால் பூ வைத்து வைத்திருக்கிறாள். அவன் தொட்ட பந்துக்கு அங்கே என்ன வேலை என்று நான் செருப்பு அலமாரியில் கொண்டுபோய் வைக்கிறேன். காலையில் பார்த்தால் மறுபடி உங்கள் முன்னால் இருக்கிறது. அவளும் விடவில்லை, நானும் விடவில்லை.

இதுதான் நடந்தது. இதில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஜெயித்தது அவன் டீம்தான். அதனால்தான் எனக்குக் கேசரியும் இறங்கவில்லை, இந்த எண்ணெயும் பொறுக்கவில்லை. கையைப் பார்த்தானே, அது போதுமா? இல்லை, அவன் திருந்தியிருக்க வேண்டுமா? திருந்தியிருந்தால் சொல்லுங்கள், அப்பளத்தை இந்த எண்ணெயிலேயே...

இருங்கள், உங்கள் மகள் கூடத்தில் டி.வி. முன்னாலிருந்து கத்துகிறாள்.

"மாமா, ஓடி வாங்க! அந்தத் துப்பாண்டி எந்திரிச்சுட்டான்! எறியறது புதுப் பையன் மாமா, இன்னும் ஒருத்தனையும் அடிக்க விடல! ஐயோ, வெளிய நடந்து வர்றான் மாமா, வாங்க!"

எண்ணெய் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகிறேன் சம்பந்தி. அந்தப் பையன் முதுகில் மட்டும் அவன் கை படட்டும், அடுத்த நிமிசம் இது மொத்தமும் சிங்க்கில்...