நாலு ஜட்ஜுகள் சொன்ன அர்த்தம்

மே 3, 1976, திங்கள்.

எமர்ஜென்சி என்று சொல்லித் தம்பி காதரைக் கடையிலிருந்தே போலீஸ் பிடித்துப் போனது. காரணம் சொல்லவில்லை. கோர்ட்டில் கேட்கலாம் என்றிருந்தார் வக்கீல். இன்று கள்ளக்குறிச்சியில் அவரைப் பார்த்தேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“கேஸு நிக்காது பாய். எமர்ஜென்சில ஏன் புடிச்சேன்னு யாரும் கேக்க முடியாதாம். டில்லி சுப்ரீம் கோர்ட்டுல அஞ்சு ஜட்ஜுல நாலு பேரு சொல்லிட்டாங்க.”

“உயிருக்கு உரிமை சட்டத்துலயே கீதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இருக்குதுங்க. இப்ப கேக்கத்தான் முடியாது.”

“கேக்க முடியாததுக்குப் பேரு உரிமையா?”

“அர்த்தம் சொல்றது அவங்க பாய். நானில்ல.”

அந்த முகத்தில் அறையலாம் போலிருந்தது.

வீட்டில் காதரின் மனைவி ஓடிவந்தாள். “இன்னா சொன்னாரு? எப்ப வருவாராம்?”

அவளிடம் கத்தினேன். அழுதுவிட்டாள். கத்த வேண்டியது அவளிடம் அல்ல. வேறெங்கே கத்தினாலும் மறுநாள் கடை வாசலில் ஜீப் நிற்கும்.