காருக்கு நான் அடித்த அரிதட்டு வலை

என் அன்பு மச்சான் அன்ரனுக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருடம். நினைவுத் திருப்பலிக்குச் சுவாமியிடம் சொல்லியாயிற்று. வழக்கப்படி ஒரு நினைவு மலரும் அடிக்கிறோம். அட்டையில் நீ காரில் சாய்ந்துகொண்டு நிற்கிற படம். கறுப்புக் கண்ணாடி போடாமல் எடுத்த படம் ஒன்று வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. வெட்கமில்லையா உனக்கு?

"அண்ணா, அவரைப் பற்றி நாலு நல்ல வசனம் நீங்களும் எழுதித் தாங்கோ" என்று போன மாதம் ஜெசிந்தா கேட்டாள். தங்கச்சி கேட்டு நான் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் கொப்பியை விரித்து வைத்தால் நல்ல வசனம் ஒன்றும் வரவில்லை. பள்ளிமுனையில் படகு இஞ்சின் திருத்துகிறவனுக்கு வசனம் எங்கேயிருந்து வரும்? எனக்கு வருவது ஒரேயொரு விசயம்தான். அதை உனக்குச் சொல்கிறேன். மலரை வாசிக்கிற சனமும் கேட்டுக்கொள்ளட்டும்.

தான் கார் ஓடத் தெரியாமல் ஓடியதால்தான் நீ செத்தாய் என்று உன் மனுசி ஜெசிந்தா நம்பிக்கொண்டிருக்கிறாள். ஊரும் அப்படித்தான் கதைக்கிறது. அது அவளில்லை மச்சான். நான்.

முதலிலிருந்து சொல்கிறேன், சனத்துக்கும் விளங்க வேண்டும். பதினொரு வருடம் அரபு நாட்டில் ஒரு கராச்சில் நின்று, பணக்காரரின் ஸ்போர்ட்ஸ் கார்களைக் கழுவித் துடைத்தாய். திரும்பி வந்தபோது வீட்டுக்கு மேல்மாடி போடுவாய் என்று பார்த்தோம். நீயோ கொழும்புக்குப் போய், யாரோ ஓடிக் களைத்த ஒரு சிவப்பு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு தலைமன்னாருக்கு வந்து இறங்கினாய். ஊர்க் கழுதைகள்கூட அதைச் சுற்றி நின்று பார்த்தன. "ரெண்டே ரெண்டு சீற்று. மீன் பெட்டி வைக்கவும் இடமில்லை. இதென்ன வாகனமடா?" என்று நானும் சிரித்தேன். "எனக்கும் அவளுக்கும் ரெண்டு சீற்றுக் காணும் மச்சான்" என்றாய். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்குமேல் நான் பகிடி விடவில்லை.

கார் வந்து இரண்டாம் மாதம் மதவாச்சி வீதியில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போயிருக்கிறாய். மேலே படங்குச் சீலை மூடிக் கட்டாமல் கிறவல் கல் ஏற்றிக்கொண்டு போன டிப்பர். அதிலிருந்து பறந்த கல் ஒன்று உன் றேடியேற்றரைத் துளைத்தது. அந்தக் காருக்கு இஞ்சின் சீற்றுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குளிர வைக்கிற றேடியேற்றர் இரண்டும் முன் பம்பருக்குள், நிலத்துக்கு ஒரு சாண் உயரத்தில், வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. றோட்டில் கிடக்கிற கல், கண்ணாடி, ஆணி எல்லாம் அந்த வாய்க்குள்தான் போகும். உயிலங்குளத்திலிருந்து காரை உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு நீ தலையைக் குனிந்தபடி இருந்தாய், செத்த வீட்டுக்குப் போகிறவன் மாதிரி. புது றேடியேற்றர் வந்து சேர மூன்று மாதம் எடுத்தது.

இனி ஒரு கல்லும் உள்ளே போகக்கூடாது என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம். கடையில் விற்கிற மறைப்பு இந்தக் காருக்குப் பொருந்தாது, நாமே செய்வோம் என்றேன். பழைய அலுமினிய யன்னல் சட்டத்தை அறுத்துப் பம்பரின் வாய்க்கு அளவாக வளைத்தோம். அதில் நண்டுக்கூட்டுக்குப் போடுகிற கம்பிவலையை இழுத்துக் கட்டிக் கறுப்பு மை அடித்தோம். கடையில் வாங்கியது என்று நீ நாலு பேருக்குப் பொய்யும் சொன்னாய். இரண்டு கிழமையில் அவரைக்கொட்டை அளவு கல் ஒன்று வலைக் கண்ணுக்குள்ளால் புகுந்து றேடியேற்றர் தகட்டை நெளித்துவிட்டது. ஓட்டை விழாதது கடவுள் புண்ணியம்.

கடற்கரைக்காரனுக்கு ஏதாவது தப்பிப் போனால் ஒரே நினைப்புத்தான் வரும், வலையின் கண் பெரிது என்று. கண்ணைச் சின்னதாக்கு, எல்லாம் படும். நான் ஹாட்வெயாரில் மா அரிக்கிற அரிதட்டுக்குப் போடுகிற பொடிக்கண் வலை வாங்கி வந்து, முதல் வலைக்குப் பின்னால் இரண்டாவதாக வைத்தேன். "என்னண்ணா, காரில மா அரிக்கப் போறியளோ?" என்று ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆடாமல் இருக்கட்டும் என்று சுற்றிவரப் பதினாறு றிவெற் ஆணி அடித்தேன். பம்பரைக் கழற்றாமல் இனி ஒருவராலும் அதை எடுக்க முடியாது என்று பெருமையடித்ததும் நான்தான்.

பொடிக்கண் வலை தண்ணீரில் எவ்வளவு பாரமாய் இழுக்கும், படகு எப்படித் திணறும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். தண்ணீர் போகாத இடத்தால் காற்று மட்டும் போகுமா? கரையில் நின்றபடியால் அந்தப் புத்தி வரவில்லை போலிருக்கிறது.

சோழகக் காற்றுத் தொடங்கியது. மணலும் உப்பு ஈரமும் கலந்து வீசுகிற காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நீ முன்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவுவாய், வெளிவலை பளபளக்கும். ஊத்தை இருந்தது இரண்டு வலைக்கும் நடுவில். அங்கே விரல் போகாது. "மச்சான், சூட்டு ஊசி வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிக்குது. உள்வலையைக் கழட்டிப் பாப்பமே?" என்று கேட்டாய். திருநாளுக்கு முன் முடிக்க வேண்டிய இஞ்சின் ஏழு என் கொட்டிலில் கிடந்தது. "திருநாள் முடியட்டும், வாறன்" என்றேன். திருநாளும் முடிந்தது. நான் வரவில்லை.

அதற்கடுத்த கிழமை ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ விறாந்தையில் இருந்துவிட்டாய். பக்கத்து வீட்டுக்காரரின் வான் வண்டி மீன் ஏற்றிக்கொண்டு முதலே போய்விட்டது. முற்றத்தில் நின்றது உன் கார்தான். பழைய பாலத்தடி வெறும் றோட்டில் நீ விளையாட்டாய்ப் பழக்கியதைத் தவிர ஜெசிந்தா கார் ஓடியதில்லை. அவள் உன்னை ஏற்றிக்கொண்டு மன்னாருக்கு வெளிக்கிட்டாள். இரண்டு சீற்று, வேறு யார் கூடப் போவது? "பயப்பிடாத, மெல்ல ஓடு" என்று சொன்னாயாம். "கியர் மாத்தினாக் கார் உதறும், அவருக்கு நோகும் எண்டு ரெண்டாம் கியரிலயே ஓடினனான் அண்ணா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். பேசாலை தாண்டியதும் பின்னால் வெள்ளையாய் ஆவி கிளம்பிக் கார் நின்றுவிட்டது. ஓட்டோ ஒன்று கிடைக்க இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் வெயில் படாமல் தன் சால்வையால் உன் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் உன்னை இறக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

செத்த வீட்டில் உன் தமையன், பெட்டிக்குப் பக்கத்தில் அவள் இருக்கிறாள் என்றும் பாராமல், "கியர் மாத்தத் தெரியாதவளிட்டக் காரைக் குடுத்தா இதுதான் நடக்கும்" என்றார். அவரை மறித்துச் சொல்ல எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தெரிந்தது முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு. காரை லொறியில் ஏற்றி என் கொட்டிலுக்குக் கொண்டுவந்து, பம்பரைக் கழற்றிச் சட்டத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை மச்சான். உப்பும் மணலும் புழுதியும் சேர்ந்து சுவருக்குச் சாந்து பூசியது போல இறுகிக் கிடந்தது.

நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? கழுவினேன். எதற்கென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முப்பது வருடமாய்க் கழற்றிய சாமானை முதலில் கழுவுகிற கை. இல்லை, அது பொய், யாரும் கண்டுவிடுவார்கள் என்ற பயம்தான். தூரிகையும் பெற்றோலும் எடுத்து ஒவ்வொரு கண்ணாய்த் தேய்த்து, புதுவலை மாதிரி ஆக்கிப் படங்குக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அதோடு நிற்கவில்லை. எரிந்துபோன இஞ்சினை ஆறு மாதமாகத் திருத்தினேன். வலையில்லாமல், நல்ல மத்தியான வெயிலில், மன்னாரிலிருந்து தலைமன்னார் வரை இரண்டாம் கியரிலேயே ஓடிப் பார்த்தேன். ஊசி நடுவிலேயே நின்றது. அசையவில்லை. பழைய பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டு அழுதேன். அப்போதும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஜெசிந்தாவைப் பற்றிக் கேட்பாய். மெலிந்துவிட்டாள். பூசைக்கு வருவாள், கோயிலில் கடைசி வாங்கில் குந்தியிருப்பாள், நற்கருணை வாங்க எழும்ப மாட்டாள். சுவாமி கேட்டதற்கு, "நான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கேல்லை சுவாமி" என்று மட்டும் சொன்னாளாம். அவளைத் தேற்ற வருகிற சனமோ வாயில் வந்த பொய்யெல்லாம் சொல்கிறது. அன்றைக்கு றோட்டில் சூடு கூட என்கிறார்கள், பெற்றோல் கலப்படம் என்கிறார்கள், அவருக்கு நாள் வந்துவிட்டது என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டுவாள்.

மூன்று கிழமைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் காரை வாங்கப் பார்க்க வந்தார். நல்ல மனிதன்தான். "இஞ்சின் ஏன் கொதிச்சது?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் ஜெசிந்தா முந்திக்கொண்டாள். "காரில பிழையில்லை. நான்தான் ஓடிப் பழுதாக்கினனான்." அந்நியன் ஒருவனுக்கு முன்னால், பேரைக் கேட்டால் பேரைச் சொல்வது போலச் சொன்னாள். நான் எண்ணெய்த் துணியை எடுத்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். காரை விற்கவில்லை. விற்க விடவில்லை நான்.

போன ஞாயிறு சட்டத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவளிடம் போனேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. நீ ஊசியைப் பற்றிச் சொன்னது, நான் திருநாள் முடியட்டும் என்றது, சாந்து மாதிரி இறுகிக் கிடந்தது, இரண்டாம் கியரில் ஓடிப் பார்த்தது, எல்லாம் சொன்னேன். சட்டத்தை மேசையில் வைத்து, "இதுதானம்மா அவனைக் கொன்றது. நீயில்லை" என்றேன்.

அவள் அதைத் தூக்கி யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வெளிச்சம் அவள் முகம் முழுக்கப் பொடிப்பொடியாய் விழுந்தது.

"நல்லாத்தானே இருக்கு அண்ணா. எல்லாக் கண்ணும் திறந்திருக்கு."

"நான் கழுவினனான். சத்தியமாச் சொல்லுறன், நான்தான் கழுவினனான்."

"சத்தியம் பண்ணாதேங்கோ. என்னைத் தேத்துறதுக்கு ஊரே பொய் சொல்லுது. நீங்களுமா?"

"ஜெசிந்தா, பொய்யில்லையடி..."

"உங்கட தலையில பழியைப் போட்டு நான் சந்தோசமா இருப்பனே? தேத்தண்ணி குடியுங்கோ, ஆறுது." கிட்ட வந்து, ஐம்பத்தாறு வயதுக் கிழவனின் தலையைத் தடவிவிட்டாள். "உங்களை மாதிரி அண்ணன் ஆருக்குக் கிடைக்கும்?" என்றாள்.

மச்சான், அந்தச் சொல்லை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? உன் தமையன் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ கேட்டபோது வந்திருந்தால் அரை மணித்தியால வேலை. கண்டவுடன் கழுவாமல் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் என்னைக் காறித் துப்பியிருப்பாள், அவளாவது தப்பியிருப்பாள். இரண்டையும் நான் செய்யவில்லை. இனிக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

நாளைக்கு இதை அச்சகத்தில் கொடுக்கிறேன். வாசித்துவிட்டு உன் தமையன் அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூடும், ஊர் வாயை மூடக்கூடும். அவளோ இதையும் அண்ணன் எழுதிய இன்னொரு பொய் என்றுதான் வாசிப்பாள், வாசித்து எனக்காக அழுவாள். எனக்கு நம்பிக்கை இல்லை மச்சான். என்றாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அவளிடம் போவேன். அவள் தேத்தண்ணி வைத்துத் தருவாள். நான் அதே கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வேன். அவள் என்னைத் தேற்றுவாள். அவள் என்னை வெறுக்கிற நாள் வரும்வரை, இல்லாவிட்டால் நான் உன்னிடம் வரும்வரை, சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உன் ஜெசிந்தாவுக்குத் தமையனும்,
உனக்கு மச்சானுமான
சேவியர்